கண்மதிப்பில் எக்ஸ்போஷர்: காட்டுயிர்ப் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்பவை

பறவையோ விலங்கோ படம் எடுக்கப் போகிறவர்களில் சிலர் ஒளியை அளக்கும் மீட்டரைப் பார்க்காமலே ஷட்டர் வேகம் (ஒளி விழும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) மூன்றையும் வைத்துவிடுவார்கள். படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிகிறது என்பதுதான் எக்ஸ்போஷர்; அதைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும். பக்கத்தில் நிற்பவருக்கு இந்தக் கண்மதிப்பு ஏதோ சித்து வேலை போலத் தெரியும். நாலைந்து எண்களை மனப்பாடம் செய்துகொண்டு, நிழலைப் படிக்கப் பழகினால் யாருக்கும் வரும். இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. ஒரு சொல் மட்டும் முதலிலேயே: ஒளி இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப் கூடுகிறது, பாதியானால் ஒரு ஸ்டாப் குறைகிறது. ஸ்டாப் என்று எங்கே வந்தாலும் இதுதான் பொருள்.

கேமராவிலேயே மீட்டர் இருக்கிறதே, பிறகு எதற்குக் கண்மதிப்பு?

மீட்டர் அளப்பது விலங்கின் மேல் விழும் ஒளியை அல்ல, அங்கிருந்து திரும்பி லென்ஸுக்குள் வரும் ஒளியை. அப்படி வருவதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்திலிருந்து வருகிறது என்று அது வைத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. புல்வெளி, மான், மரப்பட்டை என்றால் இந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கும்.

ஒரு பருந்து பறப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் அதன் பின்னால் வெளிறிய வானம், அடுத்த நொடி கரும்பச்சை மரங்கள், மறுபடி வானம். வானம் பின்னால் இருக்கும்போது கேமரா பருந்தைக் கரிக்கட்டையாக்கும். மரம் வந்ததும் வெளுக்க வைக்கும். மூன்று நொடியில் மூன்று விதமான படங்கள். ஆனால் பருந்தின் மேல் விழுந்த வெயில் ஒன்றேதான், அது கொஞ்சமும் மாறவில்லை. மேனுவலில், அதாவது மூன்று எண்களையும் நாமே வைக்கும் முறையில், ஒரு முறை சரியாக வைத்துவிட்டால், பின்னணி எதுவானாலும் பருந்து பருந்தாகவே பதிவாகும்.

நிக்கான் எஃப்ஏ 1983இல் சட்டகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து அளக்கத் தொடங்கியதிலிருந்து மீட்டர்கள் மிகவும் கெட்டிக்காரத்தனமாகிவிட்டன. இன்றைய கேமரா பறவையின் கண்ணையே தேடிப் பிடிக்கிறது. இருந்தாலும் எதிரில் இருப்பது நிழலில் நிற்கும் வெள்ளைப் பறவையா, வெயிலில் நிற்கும் சாம்பல் பறவையா என்பது உங்களுக்குத் தெரியும் அளவுக்கு அதற்குத் தெரியாது.

கண்ணால் வெளிச்சத்தை அளக்க முடியுமா?

முடியாது. கண்மதிப்பு என்ற பேரைக் கேட்டதும் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான்.

நல்ல வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி இருக்கும். விளக்கு போட்ட அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ். இருநூறு, முந்நூறு மடங்கு வித்தியாசம். ஸ்டாப் கணக்கில் எட்டு. வெளியிலிருந்து உள்ளே வந்தால் நமக்கு என்ன தோன்றுகிறது? கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். கண்பாவை சுமார் 2 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை விரியும். அதில் மட்டும் நாலு ஸ்டாப் போய்விடும். மிச்சத்தை விழித்திரை சரிக்கட்டிவிடுகிறது. இப்படி நமக்குத் தெரியாமலே தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும் கருவியை வைத்து எதை அளப்பது?

ஆகவே 'எவ்வளவு வெளிச்சம்' என்று கண்ணைக் கேட்காதீர்கள். நிழல் இருக்கிறதா, அதன் ஓரம் கூர்மையா மழுங்கலா, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் விழுகிறது என்று கேளுங்கள். இதில் கண் ஏமாறுவதில்லை. நிழலிலிருந்துதான் எண்ணுக்குப் போகிறோம்.

சன்னி 16 என்கிறார்களே, அது என்ன?

நல்ல வெயில், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், நிழல் கத்தியால் வெட்டியது போல விழுகிறது என்றால் அபெர்ச்சர் எஃப்/16 (இந்த எண் சிறியதானால் திறப்பு பெரிது). ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் கீழ் ஒன்று. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி, ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400 நொடி. ஃபிலிம் காலத்தில் ஃபிலிம் பெட்டியோடு வந்த சிறிய அட்டவணையில் இருந்தது இந்தக் கணக்குதான். மீட்டர் இல்லாத கேமராவை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் அந்த அட்டவணையை நம்பியே காலம் தள்ளினார்கள்.

எஃப்/16இல் யார் பறவைப் படம் எடுக்கிறார்கள்?

யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் விதியை அப்படியே மனப்பாடம் செய்தவர்கள் களத்தில் விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள், பறவை போய்விடுகிறது. அதை உங்கள் லென்ஸுக்கு வீட்டிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்ஓ 400இல் எஃப்/16, 1/400. அபெர்ச்சரை ஒரு ஸ்டாப் திறந்தால் எஃப்/11, 1/800. இன்னொன்று திறந்தால் எஃப்/8, 1/1600. இன்னொன்று, எஃப்/5.6, 1/3200. எல்லாம் ஒரே அளவு ஒளிதான். பறக்கும் பறவைக்கு வேண்டிய வேகம் கடைசி இரண்டில் கிடைத்துவிடுகிறது. நான் தலையில் வைத்திருப்பது '400, ஐந்து புள்ளி ஆறு, 3200' என்ற ஒரே வரி. எஃப்/6.3 லென்ஸ் என்றால் 1/2500. எஃப்/4 என்றால் ஐஎஸ்ஓவை 200 ஆக்கிவிட்டு அதே 1/3200. இதை அடிப்படை என்று சொல்கிறேன். கீழே வருவதெல்லாம் இதிலிருந்து எத்தனை ஸ்டாப் தள்ளிப்போவது என்பதுதான்.

வெயில் மங்கினால் எவ்வளவு கூட்ட வேண்டும்?

உங்கள் நிழலையே பாருங்கள். ஓரம் கூர்மையாக இருந்தால் அடிப்படை. நிழல் இருக்கிறது, ஆனால் ஓரம் மழுங்கியிருக்கிறது என்றால் ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி வேண்டும். உற்றுப் பார்த்தால்தான் நிழல் தெரிகிறது என்றால் இரண்டு. நிழலே இல்லை, வானம் முழுக்க மூடியிருக்கிறது என்றால் மூன்று. மழை கறுத்துக் கட்டினால் நாலு.

எந்த எண்ணை மாற்றுவது என்பது விலங்கைப் பொறுத்தது. மூடிய வானம், மூன்று ஸ்டாப் வேண்டும் என்று வையுங்கள். மரக்கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆந்தைக்கு ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6 அப்படியே இருக்க, வேகத்தை 1/400க்கு இறக்கலாம். அதே வானத்தின் கீழ் ஓடும் நரிக்கு 1/1600 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்ற வேண்டியதுதான்.

வெயில் நாளில் ஒற்றை மரத்தின் நிழலில், மேலே திறந்த வானம் தெரியும் இடத்தில் நிற்கும் விலங்குக்கும் மூன்று ஸ்டாப். அடர்ந்த காட்டுக்குள்தான் சிக்கல். கூரை போலக் கிளைகள் மூடிய இடத்தில் ஐந்து, ஆறு ஸ்டாப் வரை போகும். இரண்டு அடி தள்ளினால் வேறு கணக்கு. அங்கே கண்மதிப்பைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு சோதனைப் படம் எடுத்துத் திருத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

சூரியன் பக்கவாட்டில் அல்லது எதிரில் இருந்தால்?

வெயில் ஒரு பக்கத்திலிருந்து வந்து விலங்கின் பாதி உடல் நிழலில் இருந்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். சூரியன் விலங்குக்குப் பின்னால், நம்மைப் பார்ப்பது நிழல் பக்கம் என்றால் இரண்டு. பின்னணி வெளுக்கும்தான். ரோமத்தின் ஓரத்தில் ஒளிக்கோடு மட்டும் போதும், உடல் இருட்டாகவே இருக்கட்டும் என்றால் கூட்டவே வேண்டாம். எதிர்வெயில் படத்துக்கு 'சரியான' எக்ஸ்போஷர் என்று ஒன்று கிடையாது, எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சூரியன் உச்சியில் இருக்கும்போது வேறொரு தொல்லை. முதுகில் வெயில், வயிறும் கண்ணும் இருட்டு. எண்ணை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் தூங்குவேன்.

காலை, மாலை வெயிலுக்கும் இதே கணக்கா?

பலரும் நினைப்பதைவிட அதிக நேரம் இதே கணக்குதான். சூரியன் சாயும்போது ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகையில் இருக்கும்போது தலைக்கு மேல் இருப்பதைப் போல இரண்டு மடங்கு காற்று. 10 பாகையில் ஐந்தரை மடங்குக்கும் மேல். அடிவானத்தைத் தொடும்போது நாற்பது மடங்கை நெருங்கிவிடும். முதல் பாதியில் இழப்பு சொற்பம், கடைசியில்தான் ஒரேயடியாகச் சரிகிறது.

இதற்கும் நிழல்தான் அளவுகோல். வானம் தெளிவாக இருந்து, சூரியன் உங்கள் முதுகில் இருந்தால், உங்கள் நிழல் உங்கள் உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளும்வரை அடிப்படையை மாற்ற வேண்டியதில்லை. ஆறு மடங்கு நீண்டால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். பத்து, பன்னிரண்டு மடங்கு என்று போய்விட்டால் இரண்டரை. அதற்குப் பிறகு சில நிமிடங்களுக்கு ஒரு முறை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். புகைமூட்டமோ தூசியோ இருந்தால் இவையெல்லாம் முன்கூட்டியே வந்துவிடும்.

வெள்ளைப் பறவைக்குச் சிலர் கூட்டச் சொல்கிறார்கள், சிலர் குறைக்கச் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, இரண்டும் தப்பு. பேசுகிறவர் எந்த முறையில் எடுக்கிறார் என்று சொல்லாமல் விடுவதால் வரும் குழப்பம் இது. நான் பறவைப் படம் எடுக்கத் தொடங்கிய முதல் வருடத்தில் எடுத்த கொக்குகளில் பாதி, வெள்ளைக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியது போல இருக்கும். ஒரு இறகுகூடத் தெரியாது. 'வெள்ளைக்குக் கூட்டு' என்று கேட்டதை அப்படியே நம்பியதன் பலன்.

முதலில் தானியங்கி முறை. கொக்கு சட்டகம் முழுக்க நிறைந்திருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். அதே கொக்கு தூரத்தில் சிறியதாக, பின்னால் கறுத்த நீரோ புதரோ இருந்தால், கேமரா அந்த இருட்டை வெளிச்சமாக்கப் போய்க் கொக்கைத் தீய்த்துவிடும். ஒன்று அல்லது இரண்டு குறைக்க வேண்டும். ஆக, கூட்டுவதா குறைப்பதா என்பதைத் தீர்மானிப்பது கொக்கின் நிறம் மட்டும் அல்ல. சட்டகத்தில் கொக்கு எவ்வளவு, பின்னணி எப்படி என்பதும்தான். நான் கூட்டிய படங்களில் எல்லாம் பின்னணி சேற்றுக் கறுப்பு.

கண்மதிப்பில், மேனுவலில், விடை ஒன்றே ஒன்று. அடிப்படை எண் நடுச்சாம்பலைச் சரியாக வைக்கிறது. வெண்மையான இறகு 18க்குப் பதில் ஏறத்தாழ 90 சதவீத ஒளியைத் திருப்புகிறது. ஐந்து மடங்கு, அதாவது இரண்டே கால் ஸ்டாப் மேலே. பல கேமராக்களில் நடுச்சாம்பலுக்கு மேல் மூன்று ஸ்டாப்புக்குள் வெள்ளை வெடித்துவிடும், அதாவது நுணுக்கமெல்லாம் போய் வெறும் வெளுப்பாகிவிடும். கணக்குப்படி கொக்கு மயிரிழையில் தப்பிக்கிறது. ஆனால் வெயிலை நேராகப் பார்க்கும் இறக்கையில் பளபளப்பும் சேருமே! எனவே பளிச்சென்ற வெயிலில் வெள்ளைப் பறவைக்கு அடிப்படையிலிருந்து அரை முதல் ஒரு ஸ்டாப் குறையுங்கள். பின்னணி வானமோ சேறோ, அதைப் பற்றிய கவலையே இல்லை. மேகமூட்டத்தில் பளபளப்பு இல்லாததால் அவ்வளவு குறைக்கவும் வேண்டாம்.

அப்படியென்றால் கறுப்புக்கு?

நேர் எதிர். காகம், கரடி, கரிச்சான் எல்லாம் மூன்று, நாலு சதவீதம்தான் திருப்புகின்றன. வெயிலில் அரை முதல் ஒரு ஸ்டாப் கூட்டினால் இறகின் அடுக்கும் ரோமத்தின் சுருளும் தெரியும். கரிச்சானின் முதுகில் வெயில் பட்டு நீலமாக மின்னினால் கூட்டாதீர்கள், அந்த மினுக்கம்தான் படமே. நனைந்த யானை ஒரு விலங்கு, காய்ந்த யானை வேறு விலங்கு; மண்ணைப் பூசிக்கொண்ட யானை கிட்டத்தட்ட நடுச்சாம்பல்.

வரிக்குதிரை, பெங்குவின் போல இரண்டும் ஒன்றாக இருந்தால்?

வெள்ளையைக் காப்பாற்றுங்கள். கறுப்பைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம்.

விலங்கு தூரத்தில் இருந்தால் எக்ஸ்போஷர் மாறுமா?

மாறாது. பத்து மீட்டரில் நிற்கும் மானுக்கும் இருநூறு மீட்டரில் நிற்கும் மானுக்கும் ஒரே சூரியன். தூரம் கூடினால் ஒளி குறையும் என்பது ஃபிளாஷுக்குப் பொருந்தும், வெயிலுக்கு அல்ல. வெகுதூரத்தில் இடையில் இருக்கும் மூடுபனியும் தூசியும் படத்தை வெளிறச் செய்யும். அது வேறு விஷயம்.

மணல், பனி, நீர்?

வெண்மணலும் பனியும் கீழிருந்து ஒளியைத் திருப்பி அடிக்கும். அங்கே வெயிலில் அடிப்படையிலிருந்து ஒரு ஸ்டாப் குறையுங்கள். அதில் ஒரு நன்மையும் உண்டு, பறக்கும் பறவையின் வயிற்றுப் பக்கத்து நிழல் நிரம்பிவிடும். சாதாரண நீர் அந்த அளவுக்கு மாற்றாது. நீரில் மின்னும் சூரியத் துணுக்குகள் வெடித்தால் வெடிக்கட்டும், அவற்றுக்காகப் பறவையை இருட்டாக்க வேண்டாம்.

லென்ஸில் கூடுதலாக ஏதாவது மாட்டியிருந்தால்?

1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (உருவத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) ஒரு ஸ்டாப் தின்னும், 2 மடங்கு என்றால் இரண்டு. போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) ஒன்றரை முதல் இரண்டு. கேமரா தானாக அளக்கும்போது இதெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும்; கண்மதிப்பில் நாம்தான் சேர்க்க வேண்டும். போலரைசரை மாட்டியதை மறந்துவிட்டு ஒரு காலை முழுவதும் இருட்டுப் படங்கள் எடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

மேனுவலில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்துக்கொண்டால் போதாதா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது மேனுவல் அல்ல. வேகத்தையும் அபெர்ச்சரையும் நீங்கள் பூட்டினாலும் எக்ஸ்போஷரை ஐஎஸ்ஓ வழியாக மீட்டர்தான் முடிவு செய்கிறது. பருந்துக்குப் பின்னால் வானம் வந்ததும் பழைய கதை திரும்பும்.

எவ்வளவு பிசகினால் பரவாயில்லை?

ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிப்பது) எடுத்தால் ஒரு ஸ்டாப் பிசகு பெரிதாகத் தெரியாது. ஃபிலிமில் நெகட்டிவ் அதிக ஒளியைத் தாங்கும், ஸ்லைடு அரை ஸ்டாப்புக்கே முகம் சுளிக்கும். டிஜிட்டல் இந்த விஷயத்தில் ஸ்லைடு வகை. இருட்டானதை மீட்கலாம், வெடித்த வெள்ளையை மீட்க முடியாது. ஆகவே வெயிலில் வெள்ளை எதுவும் இருந்தால் குறைவாக வைப்பதே மேல். நிழலில், ஐஎஸ்ஓ ஏற்கெனவே 3200இல் இருக்கும்போது இதையே செய்யாதீர்கள். இருட்டாக எடுத்துப் பிறகு தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும். அங்கே கொஞ்சம் தாராளமாக வைப்பதுதான் நல்லது.

பின்திரையில் படம் எப்படித் தெரிகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். வெயிலில் அது இருட்டாகவும் விடியற்காலையில் பளிச்சென்றும் தெரியும். ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) நல்லது, ஆனால் சட்டகத்தில் சிறியதாக இருக்கும் கொக்கு அதில் வலது ஓரத்தில் ஒரு மயிரளவு கோடாகத்தான் வரும், பார்க்கத் தவறிவிடுவோம். வெடித்த இடம் கண்சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையை முடுக்கி வையுங்கள். பெரும்பாலும் அது ஜேபெக் கணக்கில் வேலை செய்வதால், ராவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

மிரர்லெஸ் கேமராவில் (வியூஃபைண்டரிலேயே சிறு திரை உள்ளது) முடிவு முன்கூட்டியே தெரிகிறதே. இன்னும் இது தேவையா?

வியூஃபைண்டரில் கண்ணை வைத்த பிறகு தேவை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீன்கொத்தி பாய்வது நீங்கள் கண்ணை வைப்பதற்கு முன்பே நடந்துவிடும். வெயிலிலிருந்து நிழலுக்கு நடந்து போகும்போதே விரல் சக்கரத்தைத் திருப்பிவிட்டிருந்தால், கேமராவைத் தூக்கியதும் எடுக்கலாம்.

நிலவுக்கு முன்னால் பறக்கும் பறவையை எடுக்க?

முழுநிலவு வெயிலில் கிடக்கும் ஒரு பாறை. அதனால் அதற்கும் கிட்டத்தட்ட வெயில் கணக்குதான், ஒரு ஸ்டாப் கூட்டி: எஃப்/11, ஐஎஸ்ஓவின் கீழ் ஒன்று. ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6 என்றால் 1/1600. நிலவு அடிவானத்தை ஒட்டி மங்கலாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு கூட்டுங்கள். பறவை நிழலுருவாக வரும். 1941இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் நிலவு எழும் காட்சியைக் கண்டபோது அவருடைய மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்ற எண் நினைவில் இருந்ததால் அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். கண்மதிப்புக்காரர்கள் எல்லோரும் சொல்லிப் பெருமைப்படும் கதை இது, நானும் விதிவிலக்கல்ல.

எப்படிப் பழகுவது?

கேமரா இல்லாமல். நடக்கும்போது நிழலைப் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள்: அடிப்படை, ஒன்று, மூன்று. கேமரா கையில் இருக்கும் நாளில், முதலில் சொல்லிவிட்டு, அதே ஒளியில் இருக்கும் புல்வெளியை மீட்டரில் பாருங்கள். புல் ஏறத்தாழ நடுச்சாம்பல். ஒரு ஸ்டாப்புக்குள் வந்தால் நீங்கள் சரி. புல் இல்லாவிட்டால் உள்ளங்கையை வெயிலில் காட்டி அளந்து, மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளலாம். அப்புறம் சக்கரத்தைப் பழக்குங்கள். பெரும்பாலான கேமராக்களில் மூன்று கிளிக் ஒரு ஸ்டாப். எந்தப் பக்கம் திருப்பினால் கூடும் என்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மூளைக்குத் தெரிந்து பயனில்லை.

மேகம் வந்து வந்து போனால்?

திட்டுத்திட்டான மேகம் சூரியனை மறைத்தால் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் போகும்: ஆறு கிளிக். விலகினால் ஆறு கிளிக் திரும்ப. மேகத்தின் நிழல் தரையில் நகர்ந்து வருவது தெரியும், அது விலங்கைத் தொடும்போது திருப்பினால் போதும். உங்கள் மேல் வெயில் அடிக்கிறதா என்பது முக்கியமில்லை. அரை நிமிடத்துக்கு ஒரு முறை வெயிலும் நிழலும் மாறும் நாட்களும் உண்டு. அன்றைக்கு நான் வம்பே வேண்டாமென்று ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குப் போய்விடுவேன், பின்னணி ஒரே மாதிரி இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு.